அண்ணனை வாய் திறக்க வைத்தவர்கள்

எங்கள் சபையில் பாவத்தைச் சின்னதாகச் சொல்ல யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்றால், அடுத்த வீட்டு முருங்கைக்காயைப் பறித்துவிட்டேன் என்று சொல்லமாட்டார். "நான் திருடன், துரோகி, நரகத்துக்குப் போகவேண்டியவன்" என்பார். மருமகளோடு சண்டை போட்ட அம்மாள் "நான் கொலைபாதகி" என்று சொல்லி அழுவார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வோம். கூட்டம் முடிந்ததும் திருடரும் கொலைபாதகியும் காப்பி குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். பாவத்தை மொத்தமாக, பெரிதாகச் சொல்லிவிட வேண்டும். எந்த மரம், எத்தனை காய் என்பதை மட்டும் சொல்லிவிடக் கூடாது. சித்தூரில் பழைய மிஷன் சபையில் வளர்ந்த எங்களுக்கு இது பால் குடிக்கும் வயதிலேயே படிந்துவிட்ட பழக்கம். இந்தப் பழக்கம்தான் என் அண்ணனை ஜெயிலில் வைத்தது. போலீஸ் வைத்தது என்று சொன்னால் அது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணன் பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் வியாபாரியின் மண்டியில் மேஸ்திரியாக இருந்தான். சீசன் வந்தால் வீட்டுக்கே வரமாட்டான். மண்டி என்பது ஓலைக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே வைக்கோல், மரப்பெட்டிகள், மாங்காய்க் குவியல். ஒரு மூலையில் தடுப்பு வைத்து, காயைச் சீக்கிரம் பழுக்கவைக்கிற கார்பைட் கல்லை டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தார்கள். அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும். வாயுவில் நெருப்பு பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். கூரை ஒழுகுகிறது, கல்லை வேறு இடத்தில் வையுங்கள் என்று அண்ணன் முதலாளியிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். முதலாளிக்கு இவன் யார் தனக்குப் புத்தி சொல்ல என்று கோபம். கூலியாட்களுக்கு முன்னாலேயே இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. அண்ணன் மண்டியில் இருக்கவேண்டிய நேரத்தில், காவலுக்கு இருந்த பெரியவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்கேயோ போயிருந்தான். இருட்டத் தொடங்கியதும் பெரியவர் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொட்டகை முழுவதும் எரிந்தது. பெரியவர் வெளியே வரவில்லை. அண்ணன் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியபோது சாம்பலைச் சுற்றிக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

கார்பைட் பேச்சு எழுந்தால் முதலாளியின் தலைக்கு வரும். அதனால் அவர் முந்திக்கொண்டார். "எம்மேல இருந்த ஆத்திரத்துல மேஸ்திரிதான் கொளுத்திட்டான்" என்று போலீசில் சொன்னார். அவர் சொன்னதைச் சரிபார்க்க அந்த மூலையில் கிடந்த கருகிய டப்பாக்களை யாராவது ஒருவர் காலால் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். யாரும் புரட்டவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவும் நானும் டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் இருந்த ஹெட் கான்ஸ்டபிள், "அரெஸ்ட்லாம் இன்னும் பண்லம்மா. சும்மா விசாரிச்சிகினு இருக்காங்க. துன்றதுக்கு வச்சிட்டுப் போங்க" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் அதுதான். உள்ளே அண்ணன் கத்துவது வாசல்வரை கேட்டது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

நான் அப்போது எட்டாம் வகுப்புக்குச் சமூகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அரசியல் சட்டம் நமக்குத் தருகிற உரிமைகள் அதில் ஒரு பாடம். கைதானவனை ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். ஏன் பிடித்தோம் என்று சொல்லவேண்டும். அவன் தனக்கு வேண்டிய வக்கீலைப் பார்க்கலாம். தனக்கு எதிராகத் தானே பேசும்படி அவனை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிள்ளைகள் இதை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். பரீட்சையில் வராது என்பதால் நானும் ராகத்தோடு விட்டுவிடுவேன். அந்த ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பது ஸ்டேஷன் வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிடித்துக்கொண்டு போன நேரத்திலிருந்து இல்லையாம். கைது என்று அவர்கள் எழுதுகிற நேரத்திலிருந்தாம். எழுதுகிறவரைக்கும் அண்ணன் கைதி இல்லை, விருந்தாளி. விருந்தாளியை உள்ளங்காலில் லத்தியால் அடிக்கலாம், மணிக்கட்டைத் திருகி உடைக்கலாம். சட்டம் எழுதினவர்கள் மேல்கூட அன்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அழகாக எழுதினவர்கள், எழுதுகிற பேனாவை யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

"நோரே தெரவடு வீடு" என்று சர்க்கிள் இன்ஸ்பெக்டர் என் எதிரிலேயே தெலுங்கில் சலித்துக்கொண்டார். இவன் வாயையே திறக்கமாட்டேன் என்கிறானாம். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: அன்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய்? எத்தனை அடித்தும் அண்ணன் அதைச் சொல்லவில்லை.

ஒருவழியாக அவனை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போனார்கள். போலீஸ்மேல் ஏதாவது புகார் உண்டா என்று அவர் கேட்டார். அப்படிக் கேட்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கேட்டார். அண்ணனுக்குப் பின்னால், அவன் பிடரியில் மூச்சு படுகிற தூரத்தில், அடித்த கான்ஸ்டபிள்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒண்ணும் இல்லீங்க" என்றான் அண்ணன். வீங்கின கை அவன் இடுப்பளவில் தொங்கிக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நாங்கள் ஒரு வக்கீலைப் பிடித்தோம். சித்தூர்க்காரர், தமிழர், வாயைத் திறந்தால் ஏச்சுதான், ஆனால் வேலைக்காரர். பெயில் வாங்கிக் கொடுத்தார். முதலில் அண்ணனை எலும்பு முறிவு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டின கையோடு வக்கீல் முன்னால் உட்கார்ந்திருந்தவனிடம் அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, ஸ்டேஷன்ல அடிச்சி வாங்கறது எதுவும் கோர்ட்டுல நிக்காது. போலீஸ்கிட்ட நான்தான் பண்ணேன்னு நீ நூறு தடவ சொல்லியிருந்தாலும் செல்லாது. அது இன்ஸ்பெக்டருக்கும் நல்லா தெரியும். ஆனா வெளி மனுஷன் ஒருத்தன்கிட்ட சொன்னா, அது செல்லும். அவன் வந்து கோர்ட்டுல சொல்லலாம். அதனால இந்தக் கேஸப் பத்தி வெளியில ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்காத. உங்க வீட்டு நாய்கிட்ட கூட சொல்லாத."

"சரிங்க" என்றான்.

"ஆனா எங்கிட்ட சொல்லணும். அன்னிக்கி சாயங்காலம் எங்க இருந்த?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். வக்கீல் என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, வெளியில வாய மூடுன்னா உங்க அண்ணன் எங்கிட்டயும் இல்ல மூடிக்கிறான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் இன்ஸ்பெக்டரின் மூளை வேலை செய்தது. அவர் எங்கள் பாஸ்டரின் வீட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பாஸ்டரின் பையன் எந்தக் காலேஜில் படிக்கிறான் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சொன்னாராம்: "மனசு விட்டு உங்க மொறையில சொல்லட்டும் ஐயா. மனுஷன் திருந்திட்டான்னு தெரிஞ்சா நாங்களும் பாத்து செய்வோம்." பாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாங்கள் உஷாராக இருந்திருப்போம். ஒரு சர்க்கிள் இன்ஸ்பெக்டர் தன் வீட்டுப் படி ஏறி வந்து தன்னிடம் உதவி கேட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இன்ஸ்பெக்டர்காரு எவ்ளோ மரியாதையா பேசனாரு தெரியுமா!" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் என் அண்ணன் கையை உடைத்தவரும் அதே ஆள்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருப்பதியில் ஒரு கிறிஸ்தவ மாணவர் விடுதியில் வார்டன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெண் பெயரைச் சபை நடுவில் படித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். அது வாசிக்காமல் கல்யாணம் இல்லை. சபைக் கமிட்டி கூடியது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டவன் இருக்கிற வீடு, அவன் மனந்திரும்பிச் சபைக்கு முன்னால் அறிக்கை செய்கிறவரைக்கும் இந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓலை வாசிக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கமிட்டியில் என் அப்பாவும் ஒருவர்; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ரிட்டையர் ஆன வாத்தியார், பொய்யே சொல்லாதவர் என்று பேர் எடுத்தவர். அவரும் சரி என்றுதான் கை தூக்கினார்.

வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. நைனா அண்ணனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மடியில ஒண்ணும் இல்லன்னா பேசறதுக்கு இன்னாடா உனக்கு?"

"வக்கீலு பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு நைனா."

"ஆண்டவருக்கு முன்னால வக்கீலு ஏதுடா?"

நான் குறுக்கே விழுந்தேன். "பேசமாட்டேன்னு சொல்றதுக்கு அவனுக்கு உரிமை இருக்குது நைனா. சட்டத்துலயே இருக்குது. நான் பசங்களுக்குப் பாடம் நடத்துறேன்."

"அது உலகத்தாருக்கு. நமக்கு இல்ல" என்றார். ஒரே வெட்டு. குற்றம் செய்யாதவன் ஏன் மௌனமாக இருக்கவேண்டும் என்பதைத் தாண்டி அவரால் யோசிக்க முடியவில்லை. அடித்தவர்களுக்கும் அதே எண்ணம்தான். லத்தியும் வேதாகமமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு என் அண்ணனை இரண்டு பக்கமும் நெருக்கின. அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "பாப்பா கல்யாணம் நின்னுபூட்டா அப்புறம் எவன் வருவான்" என்று முனகினாள். அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றான். கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, எங்கள் சபையில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னான். "நான் உலக வழியில போனவன். அந்தப் பெரியவரக் கொன்னவன் நான்தான். அவரு ரத்தம் எங்கையில இருக்குது. அல்லாரும் என்னை மன்னிக்கணும்." அவ்வளவுதான். காவலை விட்டுப் போனேன், போனதால் அந்த மனிதர் தனியாக மாட்டிக்கொண்டார், அது என்னைத் தின்கிறது என்பதுதான் அதன் பொருள் என்று அவனைத் தெரிந்த யாருக்கும் புரிந்திருக்கவேண்டும். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. பாஸ்டர் இறங்கி வந்து கட்டிக்கொண்டார். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவராவது, எப்படிக் கொன்றாய், அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்கவேண்டுமே? கேட்கவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். இந்த முறை காப்பி குடிக்கவில்லை. அண்ணன் சபையில் என்ன சொன்னான் என்று பாஸ்டர், நைனா இருவர் வாயாலும் வாங்கிக்கொண்டு போனார். இருவரும் ஓர் எழுத்து விடாமல் சொன்னார்கள். அண்ணனுடைய பெயில் ரத்தாகி அவன் மறுபடி உள்ளே போனான். செய்தி கேட்ட வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டை மேசைமேல் எறிந்தார். "ஸ்டேஷன்ல சொன்னா செல்லாதும்மா, சர்ச்சுல சொன்னா செல்லும்! நாய்கிட்ட கூட சொல்லாதன்னு சொன்னனே, ஊரக் கூட்டி வச்சி இல்ல சொல்லியிருக்கான்! சொல்ல வச்சவங்க யாரு? பெத்தவரு!" அவர் கத்தினது எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் வீட்டில் கத்துவதற்குக்கூட ஆள் இல்லை.

சபை தன் வாக்கைக் காப்பாற்றியது. அந்த ஞாயிறு என் ஓலை வாசிக்கப்பட்டது. அண்ணன் ஜெயிலில் இருக்க, என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பாஸ்டர் கணீரென்று படித்தார்.

அந்த வாரம் அண்ணனை ஜெயிலில் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஓலை வாசிச்சாங்களா பாப்பா?"

"வாசிச்சாங்க. உனுக்கு அதான் இப்ப முக்கியமா? உன்ன ஒருதரம் கூட வந்து பாக்காத மாப்பிள்ளைக்கு ஓலை ஒரு கேடா?"

"அவரு வரமாட்டாரு. பாவம், பயம்."

"அவருக்கு இன்னா பயம்?"

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்றேன். மெதுவாக வந்தது. அன்று மாப்பிள்ளை ஏதோ வேலையாகச் சித்தூருக்கு வந்திருக்கிறார். அண்ணனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து முதல் ஆட்டம் சினிமாவுக்குப் போயிருக்கிறார்கள். பங்காருபாளையத்தில் கொட்டகை எரிந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் என் அண்ணன் சித்தூர்த் தியேட்டரில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் சபையில் சினிமா பாவம். நைனா வாழ்க்கையில் தியேட்டர் பக்கம் போனதில்லை. அந்த விடுதியிலோ, வார்டன் சினிமா பார்த்தது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அதனால் அண்ணன் வாயை மூடிக்கொண்டான். ஸ்டேஷனில் கை உடைந்தபோதும் மூடிக்கொண்டிருந்தது, அவர் வேலை போய் என் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று. சபையில் வாயைத் திறந்ததும் என் ஓலைக்காகத்தான். கொலைகாரன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்குக் கூச்சமில்லை. சினிமாவுக்குப் போனேன் என்று சொல்லத்தான் கூச்சம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு எந்த மடையனாவது இப்படிச் செய்வானா? கம்பிக்கு வெளியே நின்று நான் அவனைத் திட்டின திட்டில் ஜெயில் காவலரே சிரித்துவிட்டார். பிறகு அழுதேன். எனக்காக என்று எல்லாரும் எல்லாம் செய்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். விடுதி வராந்தாவில் அவர் எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் தண்ணீரைத் தொடாமல் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கிட்ட யாரும் கேக்கலையே. கேட்டா சொல்லாமலா இருப்பேன்?"

"யாரு கேப்பாங்க? நீங்க அங்க இருந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"அதான் சொல்றேன். கேக்காதப்ப நாமளா போயி ஏன் சொல்லணும்? நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. சும்மாதான இருக்கேன்."

எனக்கு அறையவேண்டும்போல இருந்தது. சும்மா இருக்கிற உரிமை யாருக்கு இருந்ததோ அவனை அடித்தும் அழவைத்தும் பேசவைத்துவிட்டார்கள். பேசவேண்டிய மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு சும்மா இருந்தார். ஒரு வாரம் யோசிக்கட்டுமா என்றார். சரி, யோசியுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். அதற்கடுத்த வாரம் முழுவதும் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் நேரே வக்கீலிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். அவர், "அந்தாளு நாலு பேருக்கு முன்னால ஒருதரம் ஒத்துக்கினாத்தாம்மா கூண்டுல நிப்பான். இல்லன்னா நான் போகவே இல்லன்னு கைய விரிச்சிடுவான்" என்றார்.

மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் பேச்சுக்காகச் சித்தூருக்கே வந்திருந்தார்கள். ஆராதனையில் ஆண்கள் பக்கம் முன் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் ஓலையைப் படித்து முடித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போது சொல்லலாம் என்று வழக்கம்போலச் சொன்னார். வழக்கம்போல அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"எனக்குத் தடை இருக்குது" என்று எழுந்தேன்.

பாஸ்டர் முதலில் ஆண்கள் பக்கம்தான் பார்த்தார். கல்யாணப் பெண்ணே தடை சொல்வாள் என்று யார் நினைத்திருப்பார்கள்? நான் மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினேன்.

"யாராவது கேட்டா சொல்றேன்னு சொன்னீங்க. நான் கேக்கறேன். மண்டி எரிஞ்ச அன்னிக்கி சாயங்காலம் எங்க அண்ணன் எங்க இருந்தாரு? உங்க பக்கத்துல உக்காந்து சினிமா பாத்துகினு இருந்தாரா இல்லையா?"

சபையில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஒரு மனிதனைக் கொன்றேன் என்று என் அண்ணன் சொன்னபோது ஸ்தோத்திரம் சொன்ன அதே கூட்டம், சினிமா என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளித்தது. நைனா எழுந்துவிட்டார். "வாய மூடிகினு உக்காரு! கோயில்ல பேசற பேச்சா இது?"

"அண்ணன மட்டும் தெறக்கச் சொன்னீங்க, என்னை மூடச் சொல்றீங்களா? மாட்டேன்" என்றேன். நைனாவை எதிர்த்து நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, போயிருந்தோம்" என்றார். முன் வரிசைக்குக் கேட்டது. அது போதும். எங்கள் வக்கீல் யார் சொல்லியோ அன்று வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதியோடு அவர் எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன்.

வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அண்ணன் உள்ளேதான் இருந்தான். பாஸ்டர் கூண்டில் ஏறிப் பிரசங்கம் செய்வதுபோலச் சொன்னார். அடுத்து நைனா. வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, மகன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார். அரசாங்க வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் எழுந்தார்.

"நெருப்பு வச்சேன்னு உங்க மகன் சொன்னானா?"

"சொல்லல."

"அந்நேரம் எங்க இருந்தேன்னு சொன்னானா?"

"சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

நைனா வேறென்ன சொல்வார்? பொய் சொல்லாதவர் அல்லவா. "கேக்கல" என்றார். கூண்டை விட்டு இறங்கும்போது அவருக்குப் படி தெரியவில்லை. கோர்ட் பியூன் கையைப் பிடித்து இறக்கினார். நான் போய்ப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையாக இருந்தவர் சம்மன் வந்ததும் வந்து உண்மையைச் சொன்னார். விடுதி வேலை அதற்கு முன்பே போயிருந்தது. அவர் குடும்பத்தார் இன்றைக்கும் என்னைச் சபிப்பதாகக் கேள்வி. சபிக்கட்டும். அண்ணனை விடுதலை செய்த ஜட்ஜ், கார்பைட் டப்பாக்களைப் பற்றிப் போலீஸ் ஏன் விசாரிக்கவே இல்லை என்று கேட்டார். கேட்டதோடு சரி. முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சீசனுக்கு ஓடு போட்டுக் கொட்டகை கட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பிரமோஷனில் வேறு ஊருக்குப் போனார். எங்கள் சபையில் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. தினமும் மன்னிப்புக் கேட்கிறவர்கள் அவர்கள்.

அண்ணன் பிறகு கல்யாணம் செய்துகொண்டு சித்தூரிலேயே ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. எங்கே போகிறாய் என்றால் பதில் வராது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், அண்ணிதான் சொல்லவேண்டும். கேள்வி கேட்டாலே அவன் கண் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் அவன் பெண் பள்ளிக்கூடப் பையோடு என் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு. முகமெல்லாம் அழுத கறை. வகுப்பில் ஒருத்தி, உங்க நைனா ஒரு தாத்தாவை நெருப்பு வைத்துக் கொன்றாராமே என்று கேட்டுவிட்டாளாம். முந்தின நாள் வீட்டில் அவள் அப்பாவிடமே கேட்டிருக்கிறாள்.

"நைனா வாயே தெறக்கல அத்த. நான் கேட்டுகினே இருந்தேன், அவரு சோத்தப் பெசஞ்சிகினே இருந்தாரு. அப்படின்னா நைனாதான் கொளுத்தினாரா?"

எனக்கு வந்த கோபத்தில் இன்ஸ்பெக்டர், பாஸ்டர், நைனா, அந்த வார்டன் எல்லாரையும் இழுத்து வந்து இந்தக் குழந்தைக்கு எதிரே நிறுத்தவேண்டும்போல இருந்தது. அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன்.

"இல்ல கண்ணு. உங்க நைனா கொளுத்தல. அந்நேரம் அவரு சித்தூர்ல சினிமா பாத்துகினு இருந்தாரு."

அவள் என்னையே பார்த்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இத சொல்றதுக்கு நைனாவுக்கு இன்னா அத்த?" என்று கேட்டாள்.